பொத்தையும் புறம்போக்கும்: தென்காசிச் சீமைக்குப் பறவை தேடி வருவோர் முன் உள்ள கேள்விகள்

ஆனி, ஆடி மாதங்களில் கொல்லத்திலிருந்தும் புனலூரிலிருந்தும் ஆரியங்காவுக் கணவாய் வழியாகத் தென்காசிப் பக்கம் இறங்குகிறவர்களுக்கு மூன்று வேலைகள் உண்டு. குற்றாலத்தில் குளியல், சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்திப் பூ, பிரானூர் பார்டரில் புரோட்டாவும் கோழியும். இப்போது நாலாவதாக இன்னொரு கூட்டமும் வருகிறது. கழுத்தில் பைனாகுலரும் தோளில் நீண்ட லென்ஸும் மாட்டிக்கொண்டு, விடிவதற்கு முன்பே அறையை விட்டுக் கிளம்புகிறவர்கள் அவர்கள். கௌதாரி, காடை, காட்டுக்கோழி, வானம்பாடி என்று தண்ணீரை நம்பாத மேட்டு நிலத்துப் பறவைகளைப் பார்ப்பதற்காகவே மாநில எல்லை தாண்டி வருகிறார்கள்.

அமெரிக்காவில் இதே பயணத்தைத் துப்பாக்கியோடும் நாயோடும் போகிறார்கள். வேறு மாநிலத்துக்கு உரிமம் வாங்கி, பொது நிலத்தின் வரைபடத்தை விரித்து வைத்து, மாதக்கணக்கில் திட்டமிடுகிறார்கள். நம் நாட்டில் துப்பாக்கிக்கு இடமில்லை. ஆனால் அந்த வேட்டைக்காரர் கேட்கும் கேள்விகள் நமக்கும் பொருந்தும். எந்தப் பறவை? எந்த மாதம்? யாருடைய நிலம்? யாரிடம் அனுமதி? தென்காசி, குற்றாலம் பகுதியை வைத்து இந்த நான்கையும் ஆராய்ந்தால், மூன்றாவது கேள்விக்குத்தான் நாம் இன்னும் ஒழுங்கான விடை வைத்திருக்கவில்லை என்பது தெரியவரும். பறவையைச் சட்டத்தால் காப்பாற்றிவிட்டோம். அது முட்டையிடும் தரையை மட்டும் கைவிட்டுவிட்டோம்.

கண்ணி முதல் தோட்டா வரை

இந்த ஊரின் பறவை வேட்டைக்கு இலக்கியச் சான்றே உண்டு. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடிய குற்றாலக் குறவஞ்சியில், பிற்பகுதியில் பெரும் இடம் பிடிப்பது சிங்கன் என்னும் குறவனின் பறவை வேட்டைதான். அவன் கண்ணி வைக்கிறான். கூட்டாளி நூவன் கூட நின்று உதவுகிறான். மனைவி சிங்கியின் நினைப்பில் சிங்கனின் கவனம் சிதறுகிறது. காதலும் நகைச்சுவையும் கலந்த இந்தக் காட்சியில் ஒரு நில ஆவணமும் ஒளிந்திருக்கிறது. பறவைகள் இறங்கி மேயும் குளங்களையும் வயல்களையும் கவிராயர் பேர் சொல்லி அடுக்குகிறார். எந்தப் பறவை எந்த நிலத்தில் இறங்கும் என்பதைத் தெரிந்துவைத்திருப்பதே வேட்டைக்காரனின் முதல் மூலதனம்.

அந்த அறிவைத் தொழிலாக வைத்திருந்தவர்கள் நரிக்குறவர்கள். பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிட்டால், தன் எல்லைக்குள் வேற்றுக் கௌதாரி புகுந்துவிட்டது என்று காட்டுக் கௌதாரி சண்டைக்கு ஓடிவரும். வரும் தடத்தில் கண்ணி காத்திருக்கும். இது தென் மாவட்டங்களில் பரவலாக இருந்த முறை. வேட்டையைத் தடுக்கும் சட்டம் வந்தபோது இவர்களின் பிழைப்பு குற்றமானது. மாற்றுத் தொழிலுக்கு ஏற்பாடு எதுவும் கூடவே வரவில்லை. தமிழ்நாட்டு நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்படுவதற்கு 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம் ஜமீன் வேட்டை. சிவகிரி, ஊத்துமலை, சொக்கம்பட்டி எனப் பாளையங்களாக இருந்து ஜமீன்களானவை மலையடிவாரத்தை ஒட்டிப் பரந்திருந்தன. வேட்டை அங்கே பொழுதுபோக்காகவும் அதிகாரச் சின்னமாகவும் இருந்தது. குற்றாலத்தில் சாரல் விழும் மாதங்களில் வந்து தங்கிய வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் துப்பாக்கி அன்றாடச் சாமான். அவர்கள் காலத்தில்தான் வேட்டைப் பறவை நூல்களும் எழுந்தன. பறவையியலாளர்களான ஹியூமும் மார்ஷலும் சேர்ந்து 1879 முதல் 1881 வரை மூன்று தொகுதிகளாக வெளியிட்ட இந்திய வேட்டைப் பறவைகள் நூலில் காடைக்கும் கௌதாரிக்கும் தனித்தனி அத்தியாயங்கள் உண்டு.

வேட்டையாடியவர்களே வேட்டைக்குக் கட்டுப்பாடும் கொண்டுவந்தார்கள். நீலகிரியில் 1877இல் வேட்டைச் சங்கம் பிறந்தது. 1879இல் அந்த மலைக்கென்று தனிச் சட்டம் வந்தது. 1912ஆம் ஆண்டின் காட்டுப் பறவைகள், விலங்குகள் பாதுகாப்புச் சட்டம் காட்டுக்கோழி, கௌதாரி, காடை, மயில், புறா ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றைச் சுடக்கூடாத மாதங்களை அறிவிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்குக் கொடுத்தது.

அந்தக் காலத்தில் 'வெளி மாநிலம்' என்பது தென்காசிக்குக் கூப்பிடு தூரம். 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூரோடும், பின்னர் திருவிதாங்கூர்–கொச்சியோடும் சேர்ந்திருந்தது. தென்காசியும் குற்றாலமும் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. சில மைல் நடந்தால் வேறு அரசு, வேறு வனச்சட்டம், வேறு காவல். மலையின் இரண்டு சரிவுகளிலும் ஒரே காட்டுக்கோழிதான் கூவியது. சட்டம் மட்டும் எல்லைக்கல்லில் மாறியது.

துப்பாக்கி இறங்கிய கதை

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையை ஒரேயடியாக ஒழித்தது என்றே பலரும் நினைக்கிறார்கள். தொடக்கத்தில் அது உரிமத்தோடு வேட்டையாட இடம் வைத்திருந்தது. கௌதாரியும் காடையும் அதன் நான்காம் அட்டவணையில், பாதுகாப்புக் குறைந்த வரிசையில் இருந்தன. 1991 திருத்தம்தான் வேட்டை உரிமம் என்பதையே நீக்கியது. மனித உயிருக்கு ஆபத்து, பயிர்ச்சேதம் போன்ற காரணங்களுக்காக அதிகாரிகள் தரும் சிறப்பு ஆணைகள் தவிர, விளையாட்டுக்காகவோ கறிக்காகவோ காட்டுப் பறவையைக் கொல்ல இன்று நாட்டில் பொதுவாக எவருக்கும் அனுமதி கிடையாது. 2022 திருத்தம் அட்டவணைகளைக் குறைத்து அபராதத்தை உயர்த்தியது. பொதுவான குற்றங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை உயிரினம் என்றால் குறைந்தபட்சமே 3 ஆண்டுச் சிறை. மயில் அந்த அட்டவணையில் இருக்கிறது.

பறவை பார்க்க மட்டுமே வருகிறவரும் இந்தச் சட்டத்தில் ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். அதில் வேட்டை என்பதற்கான விளக்கம் மிக அகலமானது. பிடிப்பது, கண்ணி வைப்பது, விரட்டுவது, இரை காட்டி இழுப்பது எல்லாம் அதில் அடங்கும். பறவையின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் அடங்கும். படத்துக்காகக் கூட்டை மறைத்த கிளையை ஒடிக்கிறவரும் சட்டத்தின் பார்வையில் வேட்டைக்காரர்தான்.

சாப்பாட்டுக் கடைக் காடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தட்டில் வருவது ஜப்பானியக் காடை. 1970களில் வளர்ப்புக்காக நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டு, இன்று கோழியைப் போலப் பண்ணையில் பெருகும் இனம். 'காட்டுக் காடை இருக்கு, ஸ்பெஷலா பண்ணித் தரேன்' என்று எவராவது காதில் சொன்னால், வாங்குகிறவரும் குற்றத்தில் பங்காளி ஆகிறார்.

கடலுக்கு அப்பால் அதே கௌதாரி

நம் கௌதாரியைச் சட்டப்படி சுடக்கூடிய இடமும் உலகில் உண்டு. ஹவாய்த் தீவுகளில் 1950களின் இறுதியில் வேட்டைக்கென்றே அதைக் கொண்டுபோய் விட்டார்கள். இன்று அங்கே அது வேட்டைப் பறவைப் பட்டியலில் இருக்கிறது. பருவம் வந்தால் உரிமத்தோடு பொது நிலத்தில் அதைத் தேடிப் போகிறார்கள்.

அமெரிக்க முறையில் நமக்குப் பயன்படக்கூடியது அதன் கணக்குப் புத்தகம். 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, வேட்டைத் துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் விதிக்கும் 11 சதவீத வரி, மாநிலங்களின் வனவிலங்குப் பணிக்கே திரும்பிப் போகிறது. கான்சாஸ் மாநிலம் 1995 முதல் தனியார் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பொதுமக்கள் நடந்து போய் வேட்டையாடத் திறந்துவிடுகிறது. பறவை இருக்கும்படி நிலத்தை வைத்திருக்கிற விவசாயிக்கு அதனால் ஒரு வருமானம் உண்டு. கொல்வதை ஏற்காதவர்கள்கூட ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அங்கே பறவை தேடி வருகிறவன் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கு பறவையின் தரைக்குப் போய்ச் சேருகிறது. குற்றாலத்தில் லாட்ஜுக்கும் டாக்சிக்கும் சாப்பாட்டுக்கும் செலவாகும் பணத்தில் கௌதாரியின் பொட்டலுக்கு ஒரு ரூபாயும் போவதில்லை.

தேடி வரும் பறவைகள்

மேட்டு நிலத்துப் பறவைகள் பகட்டில்லாதவை. கௌதாரியைக் கண்ணுக்கு முன் காதுதான் கண்டுபிடிக்கும். கிழக்கு வெளுக்கும் நேரம் பொத்தை என்னும் சிறு பாறைக்குன்றின் அடியில் நின்றால், மூன்று அசையில் உரக்க ஒரு கூப்பாடு எழும். எதிர்ப்புறத்திலிருந்து அதற்குப் பதில் வரும். சத்தம் வந்த திசையில் உடைமரத்து அடியைப் பார்த்தால் மண்ணும் சருகுமாகத்தான் தெரியும். சற்றுப் பொறுத்தால் அந்தச் சருகில் இரண்டு நிமிர்ந்து நிற்கும், வரிவரியான நெஞ்சைக் காட்டும், நாலு எட்டு ஓடி நின்று திரும்பிப் பார்க்கும். பறப்பது அதற்குக் கடைசி வழி. ஓடி ஒளிய ஒரு முள்புதர் இருக்கும் வரை சிறகை விரிக்காது. அந்தப் புதரை வெட்டிவிட்டால் கௌதாரிக்கு அங்கே வேலையில்லை.

புதர்க்காடைகள் இன்னும் மோசம். ஏழெட்டுச் சேர்ந்து தரையோடு ஒட்டிக் கிடக்கும். கால் படும் தூரம் வரை அசையாது. பிறகு ஒரே நேரத்தில் வெடித்தாற்போல் எட்டுத் திசையிலும் சிதறும். குறுங்காடையின் குடும்ப வழக்கமோ தலைகீழ். பெட்டை நிறம் மிகுந்தது. ஒரு சேவலிடம் முட்டையை விட்டுவிட்டு அடுத்த சேவலைத் தேடிப் போகும். அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் சேவலின் பொறுப்பு.

மலையடிவாரம் சேர்ந்தால் சாம்பல் காட்டுக்கோழி. தீபகற்ப இந்தியக் காடுகளோடு நின்றுவிடும் இனம் இது. இதன் கழுத்திறகில் மெழுகு சொட்டியது போன்ற மஞ்சள் புள்ளிகள் இருக்கும். சால்மன் மீன் பிடிக்கும் தூண்டிலில் செயற்கைப் பூச்சி கட்ட அந்த இறகுக்கு ஐரோப்பாவில் இருந்த கிராக்கி, ஒரு காலத்தில் நம் காடுகளைக் காலி செய்த காரணங்களில் ஒன்று. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து பூனைப்பருந்துகள் வந்து சேரும். புல்வெளியின் மேல் தாழப் பறந்து வெட்டுக்கிளி தேடும் இவை, இரவில் கூட்டமாகத் தரையிலேயே படுக்கும். வானம்பாடி, ஆட்காட்டி, கௌதாரிக் குடும்பம் எல்லாம் கூடு வைப்பதும் அதே தரையில்தான்.

யாருடைய நிலம்?

வெளியூர்ப் பறவை ஆர்வலர் போடும் முதல் திட்டம் காட்டை நோக்கித்தான் போகும். இங்கே அது பெரும்பாலும் முட்டுச்சந்து. குற்றால மலை உள்ளிட்ட காடுகளில் பெரும்பகுதி 2015இல் அறிவிக்கப்பட்ட நெல்லை வனவிலங்குச் சரணாலயத்தில் சேர்ந்தது. தெற்கே கடையம் பக்கம் 1988இல் உருவான களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வடக்கே 2021இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் செந்துருணிச் சரணாலயம். சரணாலயத்துக்குள் நுழைய, படமெடுக்க, ஆய்வு செய்ய, எல்லாவற்றுக்கும் வனத்துறையின் எழுத்து அனுமதி வேண்டும். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவதே 1882ஆம் ஆண்டு வனச்சட்டப்படி குற்றம். பேரருவியிலும் ஐந்தருவியிலும் எவரும் குளிக்கலாம். செண்பகாதேவி, தேனருவிப் பாதைகள் வனத்துறையின் கையில் இருக்கின்றன. நினைத்தபோது ஏற முடியாது.

ஆனால் கௌதாரிக்கும் காடைக்கும் காடு தேவையே இல்லை. ஆலங்குளம், சுரண்டை, வீரகேரளம்புதூர், சங்கரன்கோவில் பக்கத்துப் பொத்தைகள், குளத்தங்கரைகள், மானாவாரி நிலங்கள், மழை பெய்யாத வருஷம் உழாமல் கிடக்கும் தரிசுகள்தான் அவற்றின் வீடு. வருவாய்த் துறை ஏட்டில் இவை மேய்க்கால் புறம்போக்கு, குளம், பாறை, தீர்வை ஏற்பட்ட தரிசு, தீர்வை ஏற்படாத தரிசு என்று பல பெயரில் கிடக்கும். குளங்களிலும் ஒரு பாகுபாடு உண்டு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத் துறையிடம். அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்திடம். பொது நிலம் எது, பட்டா நிலம் எது என்பதை அ-பதிவேட்டில் சர்வே எண் வைத்துப் பார்த்துவிடலாம். ஊருக்குள் வந்து கேட்டால் அதைவிடச் சீக்கிரம் தெரிந்துவிடும்.

விடியற்காலையில் பொட்டலில் அந்நியர் நடமாடினால் ஊர்க்காரர்கள் மூன்று வகையில் சந்தேகப்படுவார்கள்: பிளாட் போடும் புரோக்கர், காற்றாலைக்கோ சோலாருக்கோ இடம் பார்க்கிறவர், இல்லையென்றால் முயல் பிடிக்க வந்தவர். முதலில் கண்ணில் படும் ஆட்டுக்காரரிடம் நின்று, 'அண்ணாச்சி, இங்க கௌதாரி எங்க கெடக்கும்?' என்று கேட்பதுதான் நல்ல தொடக்கம். 'இப்ப வெயில் ஏறிட்டே. பொத்தைக்கு அங்கிட்டு, நாளைக்கு வெள்ளன வாங்க' என்று பதில் வந்தால், அது எந்த வழிகாட்டி நூலிலும் இல்லாத தகவல்.

மாதமும் பாதையும்

குற்றாலச் சீசனில் பறவைப் பயணம் வைப்பது வீண். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கணவாய் வழியே பாயும் காற்று பொட்டலில் எந்தக் குரலையும் காதில் விழவிடாது. காற்றாலைகள் இந்தப் பக்கம் நிறைந்திருப்பதற்கும் அந்தக் காற்றுதான் காரணம். அறை வாடகையும் அப்போது உச்சத்தில் இருக்கும். தரையில் கூடு வைக்கும் பல பறவைகளுக்கு அது இனப்பெருக்கக் காலமும்கூட. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை குளங்களை நிரப்பும். மறுகால் பாய்ந்து முடிந்த பிறகு, டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை ஏற்ற காலம். வலசைப் பறவைகள் வந்திருக்கும், புல் முற்றியிருக்கும், காலைக் காற்று அடங்கியிருக்கும்.

அந்த மாதங்களில் கணக்கெடுப்புகளும் நடக்கின்றன. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு 2015இல் தொடங்கியது. மணிமுத்தாற்றில் உள்ள அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் 2011 முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளை எண்ணிவருகிறது. வெளியூர்க்காரர் தனியாக அலைவதைவிட இவற்றில் தன்னார்வலராகச் சேர்ந்தால் ஊரையும் தெரிந்தவர்களோடு போகலாம்.

வழி சிரமமில்லை. சென்னையிலிருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் தென்காசி வழியே செங்கோட்டைக்கு வருகிறது. 1904இல் திறந்த செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை, 2018இல் அகலப்பாதையாகி மீண்டும் கொல்லத்தோடு இணைந்தது. வாடகைக் காரில் கேரளத்திலிருந்து வருகிறவர்கள் புளியரைச் சோதனைச் சாவடிக்கு முன்பே வண்டியின் அனுமதிச்சீட்டும் வரியும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஏர்கன்னை வண்டியில் போட்டுக்கொண்டு வருவது வம்பை விலை கொடுத்து வாங்குவது.

செல்போனில் ஒரு கண்ணி

இந்தியப் பறவையியலே துப்பாக்கியோடு பிறந்ததுதான். பறவையியலாளர் சாலிம் அலி 1933இல் திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் ஆய்வு நடத்தியபோது பறவைகளைச் சுட்டு மாதிரிகள் சேகரித்தார். அன்றைய அறிவியலுக்கு வேறு வழியில்லை. பிறகு பைனாகுலரும் கேமராவும் செல்போன் செயலிகளும் துப்பாக்கியின் இடத்தை எடுத்துக்கொண்டன. ஆனால் கருவி மாறியதால் வேட்டைப் புத்தி தானாக மாறிவிடவில்லை. பதிவுசெய்த குரலை ஸ்பீக்கரில் போட்டுக் கௌதாரியை வெளியே இழுக்கிறவர், கூண்டுக் கௌதாரியை வைத்து இழுத்தவரின் உத்தியைத்தான் பயன்படுத்துகிறார். பறவைக்கு அது பொய்ச் சண்டை. அடைகாக்கும் நேரத்தில் அந்தச் சண்டைக்கு ஓடிவந்தால் முட்டை சூடிழக்கும். கீரிக்கும் காக்கைக்கும் கூடு காட்டிக்கொடுக்கப்படும். கூடு இருக்கும் இடத்தை இணையத்தில் துல்லியமாக ஏற்றுவதும் கண்ணிக்காரனுக்கு வழி சொல்வதற்குச் சமம். தூரத்தில் நிற்பது, பாதையை விட்டு இறங்காதிருப்பது, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை புதருக்குள் கால் வைக்காதிருப்பது ஆகிய மூன்றும் போதும்.

தரைக்கு ஒரு பதிவு

2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்துவருவதாகச் சொன்னது. புல்வெளி, பொட்டல் போன்ற திறந்த நிலங்களை நம்பியவை அதில் முக்கியமாக அடிபட்டிருக்கின்றன. மயில் பெருகியிருக்கிறது. தென்காசி விவசாயி மயிலைப் பற்றிப் புகார் சொல்லும்போது பறவைகளுக்கு என்ன குறை என்று தோன்றலாம். ஒரு மயில் பெருகுவது பத்துத் தரைப்பறவைகளுக்கு ஈடாகாது.

காரணம் தேட வெகுதூரம் போக வேண்டாம். அரசு ஏட்டில் தரிசு என்று எழுதிய நிலம் எவர் கண்ணுக்கும் காலி இடம். சோலார் தகடு போட, கல்குவாரி வெட்ட, மரம் நட, வீட்டுமனை பிரிக்க முதலில் கைவைப்பது அங்கேதான். மரம் நடும் நல்லெண்ணமும் பொட்டல் பறவைக்கு உதவாது. நிழல் அடர்ந்தால் கௌதாரி விலகிவிடும். வேட்டைக்காரனைத் தடுக்கும் சட்டத்துக்கு ஜேசிபியைத் தடுக்கும் வலு இல்லை.

இருக்கிற சட்டங்களிலேயே வழி உண்டு. அரசு நிலத்தைக் காப்பு ஒதுக்கிடமாக அறிவிக்க முடியும். திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூர், ஆற்றங்கரை மரங்களில் தங்கும் பறவைகளுக்காக 2005இல் அப்படி அறிவிக்கப்பட்டது. பரப்பு 3 ஹெக்டேர்கூட இல்லை. 2022இல் மதுரை அரிட்டாபட்டி, பாறைக்குன்றுகளும் குளங்களும் சேர்ந்த நிலமாகவே பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. ஊத்துமலைப் பக்கத்துப் பொத்தையும் அதைச் சுற்றிய மேய்க்காலும் அந்தத் தகுதிக்குக் குறைந்தவை அல்ல. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழுவும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடும் இருக்க வேண்டும். பல ஊர்களில் அந்தப் பதிவேடு பேருக்குத்தான் இருக்கிறது.

எல்லை தாண்டி வரும் பறவை ஆர்வலர் செய்யக்கூடிய உருப்படியான காரியம் இங்கே இருக்கிறது. பார்த்த பறவைகளின் பட்டியலைச் செயலியில் ஏற்றுவதோடு நிறுத்தாமல், நாள், ஊர், நிலத்தின் வகை போட்டு ஒரு நகலை அந்த ஊராட்சிக்குக் கொடுக்கலாம். ஆட்டுக்காரருக்கு வழிகாட்டிக் கூலி கொடுக்கலாம். அந்தப் பட்டியல் பதிவேட்டில் ஏறினால், நாளைக்கு அந்தப் புறம்போக்கைக் குத்தகைக்கு விடும் பேச்சு வரும்போது, அது காலி இடமில்லை என்று கிராமசபையில் எடுத்துச் சொல்ல ஒரு காகிதமாவது இருக்கும். அமெரிக்க வேட்டைக்காரர் தரைக்குக் கட்டும் வரியைப் போல, துப்பாக்கியில்லாமல் வருகிற நாமும் இந்தத் தரைக்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும்.